கொட்டாவி பலவேசம் மறைந்த நாள்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் சாக்பீஸ் எழுதாது, மேடம். பலகை நமுத்துப்போகும். அழுத்தி எழுதினாலும் பத்து மணிக்குள் பாதி எழுத்து வழிந்துவிடும். உங்கள் போலீஸ் ஸ்டேஷன் பலகையும் அப்படித்தான் இருக்கிறது, வரும்போது பார்த்தேன். இதை முதலில் சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

என் பெயர் பாண்டியராஜ். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்போம். கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தினமும் காலையில் அதில் 'திரையுலகில் இன்று' என்று ஒரு செய்தி எழுதுவேன். இன்று பிறந்த நடிகை, இன்று வெளியான படம், இன்று மறைந்த பாடகர், இப்படி. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். டீக்கடையில் பந்தயம் வந்தால் தீர்ப்புக்கு என்னிடம்தான் வருவார்கள். ஒருநாளும் தப்பாக எழுதியதில்லை. ஊரில் எனக்கிருக்கிற மரியாதையே அதுதான். வீட்டில் அதுவும் கிடையாது.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஜூலையில் ஒருநாள், எனக்கு ஒன்றுமே சிக்கவில்லை. யாரும் பிறக்கவில்லை, சாகவில்லை, ஒரு டப்பாப் படம்கூட வெளியாகவில்லை. பலகையைச் சும்மா விட்டிருக்கலாம். ஆனால் அஞ்சாறு பேர் குடை பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்து நின்றார்கள். 'நகைச்சுவை நடிகர் கொட்டாவி பலவேசம் மறைந்த நாள்' என்று எழுதினேன்.

உங்கள் வயசுக்கு அவரைத் தெரியாது. கதாநாயகன் ஆவேசமாக வசனம் பேசும்போது பின்னால் நின்று கொட்டாவி விடுவார். தியேட்டரே சிரிக்கும், சிரித்த கையோடு எல்லோரும் கொட்டாவி விடுவார்கள். இருபது வருஷமாகப் படமில்லை. அப்படிப்பட்டவர் இறந்திருப்பார் என்று நினைப்பது நியாயமான யூகம். அவரும் கொஞ்சம் ஒத்துழைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

மத்தியானம் அவரே கடைக்கு வந்துவிட்டார். குத்துக்கல்வலசையில் மகள் சங்கரேஸ்வரி வீட்டில் இருக்கிறாராம். மழுமழுவென்று சவரம் செய்த முகம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட செல்போன். கோபப்படவில்லை. தம்பி, நான் சாகலை, வெளிய அப்படி எழுதிப் போட்டிருக்கு என்று, தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதுபோலச் சொன்னார்.

அதற்குள் ஆலங்குளத்து ரசிகர்கள் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கேட்டு, நானும் அடித்து முடித்திருந்தேன். பத்துக்கு எட்டு அடி. அவர் வாயைத் திறந்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பழைய படக்காட்சியில் கூட்டத்தோடு நின்றவரைத் தனியாக வெட்டி எடுத்து, பின்னால் மேகமும் இரண்டு புறாவும் போட்டிருந்தேன். வாழ்நாளில் அவர் படத்தை யாரும் தனியாகப் போட்டதில்லையாம். கண் கலங்கிவிட்டார். ஸ்டூலில் உட்காரவைத்து டீ சொன்னேன்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். நீங்கள் இருந்தபோது ஒரு சுவரொட்டிகூட இல்லை, இறந்த அன்றைக்கே பத்துக்கு எட்டு, யோசியுங்கள் என்றேன். யோசித்தார். அவருக்கு ஒரே ஒரு கவலைதான். என்றைக்காவது மெட்ராஸிலிருந்து கூப்பிடுவார்கள் என்றுதான் தினமும் சவரம் செய்கிறார், குளிக்கும்போதும் அந்தப் போனைக் கழற்றுவதில்லை.

"ஒரு சீனாவது நடிச்சுட்டுச் சாவணும் தம்பி. கூப்பிட்டாங்கன்னா இதை அழிச்சிருவேல்லா?"

"சாக்பீஸ்தான அண்ணாச்சி. ஒரு ஈரத்துணி போதும்."

ஆலங்குளத்து அஞ்சலிக் கூட்டத்துக்கு அவரும் வந்தார், குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு கடைசி வரிசையில். எல்லோரும் அழுதார்கள், அவர் கூடுதலாகவே அழுதார். நடுவில் பழக்கதோஷத்தில் ஒரு கொட்டாவி விட்டார். பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்து, என்ன இருந்தாலும் அவரை மாதிரி வராதுவே என்று சொல்லிவிட்டார். அதில் அண்ணாச்சிக்கு ரொம்பப் பெருமை. வருஷா வருஷம் வந்தார். புறாவை மூன்றாக்கச் சொன்னதும் அவர்தான்.

இந்த வருஷத்துப் போட்டோவைத் தேர்ந்தெடுக்க மே மாதமே வந்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் என் போன் அடித்தது. ஜாய் என்றொரு பெண், சென்னையில் உதவி இயக்குநர். படம் முழுக்க வரும் தாத்தா வேஷமாம். பலவேசம்தான் வேண்டும் என்று இயக்குநர் ஒற்றைக்காலில் நிற்கிறாராம். இறந்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் பார்த்தாலும், எதற்கும் உறுதிப்படுத்திக்கொள்ளக் கூப்பிட்டாளாம்.

"நீங்க ஒருநாளும் தப்பா எழுதினதில்லைன்னு சொன்னாங்க சார்."

நீங்களே சொல்லுங்கள் மேடம். ஒரு மனிதனிடம் அப்படிச் சொன்ன பிறகு அவன் வேறு என்ன செய்ய முடியும்? காலமாகி நாலு வருஷம் ஆகப்போகிறதும்மா என்றேன். எதிரே அண்ணாச்சி நிமிர்ந்து, யாருலே என்றார். லோன் வேணுமான்னு கேக்கா என்றேன். அவர் மறுபடி போட்டோவைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி ஒரு தோசை குறைவாகத்தான் சாப்பிட்டேன்.

அந்த வேஷத்தில் வேறு யாரோ நடித்துப் படப்பிடிப்பும் முடிந்துவிட்டது. நேற்று நினைவு நாள் கூட்டத்துக்கு ஜாய் மாலையோடு நேரிலேயே வந்தாள். நல்ல பெண். கடைசி வரிசையில் அண்ணாச்சி கொட்டாவி விட்டார். அவள் மாலையைக் கீழே போட்டுவிட்டு அவரிடம் ஓடினாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அண்ணாச்சி யாரையும் திட்டவில்லை. பஸ் ஏறி நேராக என் கடைக்கு வந்தார். தோளில் கிடந்த துண்டைச் சாரலில் நனைத்துப் பிழிந்து, பலகையில் தன் பெயரைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"ஈரத்துணி போதும்னியேலே," என்றார்.

அதற்குப் பிறகுதான் மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து புகார் கொடுத்திருக்கிறார். நான் எதையும் மறைக்கவில்லை. அவருக்கு எண்பது ஆகிறது. என் செய்தி தப்பில்லை, கொஞ்சம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். அந்தப் பெண் கூப்பிட்ட அன்று சாயங்காலமே பலகையின் மேல் மூலையில் அந்த வரியைத் தேதியோடு வெள்ளை எனாமல் பெயிண்டில் எழுதினேன். பார்ப்பதற்குச் சாக்பீஸ் மாதிரியேதான் இருக்கும். இரண்டு கோட் அடித்தேன். அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. சாரல் வந்தால் சாக்பீஸ் நிற்காது என்று முதலிலேயே சொன்னேனே, மேடம்.