புளியமரத்தில் இறங்காதவள்

"எனக்கு வயசு இருபத்தாறு. எலும்புக்கு மட்டும் எழுபதாம், அண்ணி."

கலசப்பாக்கத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் இதைச் சொன்னபோது, பின்சீட்டில் நான் வழக்கம்போல் தொப்பையை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒல்லியாவணும்னு அத்தினி வருசம் பட்டினி கெடந்து, மேட்டுல ஓடிக்கினே இருந்தா எலும்பு இன்னா பண்ணும்? டாக்டரு இன்னா சொன்னாரு?"

"ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, குனிஞ்சு எதையும் தூக்கக்கூடாது. நல்லா சாப்ட்டுட்டு மெதுவா நடக்கலாமாம்."

"அதான் நம்ம பேச்சு. டப்பா காலியானா புளியமரத்தாண்ட எறங்கி வூட்டுக்கு நடப்போம். இல்லன்னா வூட்டு வாசல் வரைக்கும் பஸ்ஸுதான்."

அவள் மடியில் இருந்த டப்பாவில் சாமைச்சோறு பாதி அப்படியே இருந்தது.

"பாதி சாப்ட்டேனே. பாதி தூரம் நடக்கட்டுமா?"

"பாதி வழியில பஸ்ஸ யாரு நிறுத்துவா, உங்க அண்ணனா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. தொப்பை பிடியை விட்டு வெளியே வந்துவிட்டது.

புளியமரம் வந்ததும் பஸ் நின்றது. அவள் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து, கம்பியைப் பிடித்து நின்றாள். அண்ணி தடுக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எறங்குறியாம்மா, இல்லியா?" என்றார் கண்டக்டர்.

அவள் வெளியே ஏறிப்போகும் பாதையைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"இல்லண்ணா, போங்க. இன்னிக்கு நடக்கல."

கண்டக்டர் விசில் ஊதினார். அவள் உட்கார்ந்து டப்பாவின் மூடியைத் திறந்தாள்.

"தொட்டுக்க இன்னா வெச்சிருக்கீங்க, அண்ணி?"