அவர்களுக்கு உரியது மட்டும்

கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதி, கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அந்தச் சீட்டில் பெரும்பாலும் டீக்கறை இருக்கும். மூலையில் பசையோடு ஒரு தலைமுடி ஒட்டியிருக்கும். எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒன்பது சீட்டுகளை நானே கிழித்துப் போட்டிருக்கிறேன், விரலில் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு. என் முதுகுக்குப் பின்னால் என்னைச் 'சோப்பு' என்று சொல்வார்கள். சொல்லட்டும்.

நான் வேலை பார்த்த இடம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் முறையாகவே சொல்லிவிடுகிறேன், ஐயா. சாப்பாட்டைச் சமைத்து, குளிரவைத்து, மூடி போட்ட பெட்டிகளில் அடைத்து அனுப்பும் நிறுவனம். முதியோர் மருத்துவமனைதான் எங்கள் பெரிய வாடிக்கையாளர். ஒரு வேளைக்கு அறுநூறு பெட்டி. சமையற்கூடத்துக்குள் நான் இரண்டே முறைதான் போயிருக்கிறேன். தரையின் பிசுபிசுப்பு செருப்போடு வந்தது. அந்தச் செருப்பை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. எனக்கு என் கணினி அறை போதும். ஒவ்வொரு தொகுதிச் சாப்பாட்டுக்கும் ஓர் எண் உண்டு. அது எப்போது வெந்தது, எவ்வளவு குளிரில் இருந்தது, கிருமிச் சோதனையில் தேறியதா என்பதெல்லாம் அந்த எண்ணுக்கு எதிரே என் அறிக்கையில் வந்து உட்காரும்.

முன்பு இந்த அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் எவரோ இன்னொரு வாடிக்கையாளரின் விவரத்தையும் சேர்த்து மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். பெரிய ரகளை. மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"அவங்களுக்கு உரியது மட்டும்தான் அவங்க கண்ணுல படணும். ஒரு வரி கூடுதலாப் போச்சுன்னாலும் உங்களைத்தான் கேப்பேன்."

இரண்டு மாதம் உழைத்தேன். மருத்துவமனைக்குத் தனி நுழைவு, கைப்பேசிக்கு வரும் குறியீடு, ஒரு மணி நேரத்தில் தானே மூடிக்கொள்ளும் பக்கம். அவர்களுடைய பெட்டிகளைத் தவிர வேறு எதையும் அவர்கள் பார்க்க முடியாது. அதுவும் முடிந்துபோன சோதனைகளை மட்டும். அரைகுறை முடிவைக் காட்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. தேறியிருந்தால் பச்சைக் கட்டம், தேறாவிட்டால் சிவப்பு. பக்கம் பளிச்சென்று இருந்தது. வீட்டில்கூட அவ்வளவு சுத்தமான ஒரு பொருளை நான் வைத்திருந்ததில்லை.

மருத்துவமனையில் அதைப் பார்ப்பவர் உணவுக் கண்காணிப்பாளர் அம்மா. காலையில் என் பக்கத்தைத் திறந்து, பச்சையைப் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெட்டிகள் வார்டுகளுக்குப் போகும்.

அந்த மாதம் எங்கள் குளிர் அறை ஒன்று பழுதானது. அரைத்த இறைச்சித் தொகுதிகள் சோதனையில் தேறவில்லை. மேலாளர் அவற்றுக்கு எதிரே 'மறுசோதனை' என்று போடச் சொன்னார். பெட்டிகளையும் அனுப்பச் சொன்னார். குளிர் அறை இந்த வாரம் சரியாகிவிடும் என்றார். அதை அவரிடம் கேளுங்கள். அவர் என்னிடம் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

மறுசோதனை என்றால் முடியாத சோதனை. ஆகவே மருத்துவமனையின் பக்கத்தில் அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தன. மூன்றாம் நாள் அந்த அம்மா போன் செய்தார். எதையோ மென்றுகொண்டே பேசினார்.

"தம்பி, மூணு நாளா ரெண்டு கட்டம் காலியாவே இருக்கே. கையெழுத்துப் போட மனசு வரமாட்டேங்குது."

மெல்லும் சத்தம் காதுக்குள் ஈரமாக வந்து விழுந்தது. "பாக்குறேங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, காதைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கட்டம் காலியாக இருந்தால், அதே உணவுக்கு அதற்கு முன் முடிந்த சோதனையின் முடிவைக் காட்டும்படி மாற்றினேன். பத்து நிமிட வேலை. முன் முடிந்த சோதனை குளிர் அறை பழுதாவதற்கு முந்தியது. அது பச்சை. அதில் பொய் ஒன்றுமில்லை. அந்த முடிவு உண்மையான முடிவுதான். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. யாரிடமும் நான் கேட்கவுமில்லை.

அடுத்த நாள் அவர் மறுபடி அழைத்தார். "இப்பதான் தம்பி வயித்துல பாலை வார்த்தீங்க" என்றார்.

பதினேழு நாள் அப்படிப் போனது. உள்ளே என் திரையில் எல்லாம் சிவப்பு. வெளியே அவருடைய திரையில் எல்லாம் பச்சை.

அக்காவைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். இடுப்பெலும்பு முறிந்து அதே மருத்துவமனையில் மூன்றாவது மாடியில் இருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள், என்னை வளர்த்தவள். அந்தக் காலியான கட்டங்கள் வந்த நாளிலிருந்து மதியம் வீட்டுச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன்.

"எதுக்குடா தினமும் அலையுறே? இங்கயே நல்லாத்தானே போடுறாங்க."

"உனக்கு இது ஒத்துக்காதுக்கா."

பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மாள். ஒரு காலத்தில் துணி தைத்தவராம். வார்டில் எல்லோருக்கும் அவர் தையல்காரம்மா. பார்க்க வருபவர் யாருமில்லை. பல் இல்லாததால் அரைத்த இறைச்சிதான் அவருக்குத் தோது. சாப்பிடும்போது உதட்டோரம் வழியும். அதைப் புறங்கையால் துடைத்து, அந்தக் கையாலேயே என்னைப் பார்த்துக் கும்பிடுவார். நான் சுவரைப் பார்த்துக்கொள்வேன். அக்கா தன் சாப்பாட்டில் பாதியை அவருக்குக் கொடுக்கப் பார்த்தாள். ஒருவர் எச்சில் ஒருவருக்கு ஆகாது என்று நான் தடுத்துவிட்டேன்.

பதினான்காம் நாள் மதியம் அவர் என்னைக் கூப்பிட்டார். விரல்கள் வீங்கியிருந்தன.

"ராசா, இந்த மூடியைக் கொஞ்சம் தொறந்து குடேன். கை வரமாட்டேங்குது."

எங்கள் பெட்டி. மூடியின் மேல் தொகுதி எண் அச்சாகியிருந்தது. அன்று காலை என் திரையில் நான் பார்த்த எண். கிருமி, அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் நாற்பது மடங்கு என்று அதற்கு எதிரே இருந்தது. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சட்டைப்பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு மூடியைத் திறந்து கொடுத்தேன். கைக்குட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். "நல்லா இருப்பே" என்றார்.

அதிலிருந்து நான்காம் நாள் அவர் இறந்துபோனார். அந்த வாரத்தில் பதினொரு பேர்.

விவரம் வெளியே வந்த பிறகு அக்காவைப் பார்க்கப் போனேன். பக்கத்துக் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள். நான் கொண்டுபோன பாத்திரத்தை அவள் தொடவில்லை.

"தெரிஞ்சேதான் எனக்கு மட்டும் கொண்டு வந்தியா?"

"உனக்கு ஒண்ணும் ஆகலியேக்கா."

அவள் முகம் சுளித்தது. நான் தொட்டிருந்த போர்வை நுனியை மெல்ல இழுத்துக்கொண்டாள். அந்த முகபாவம் எனக்கு நன்றாகத் தெரியும். நான்தான் அதை மற்றவர்களிடம் காட்டுவேன், என்னிடம் யாரும் காட்டியதில்லை. மறுநாள் அவளே உங்களிடம் பேசினாள் என்று கேள்விப்பட்டேன். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் பக்கத்தை உங்கள் ஆட்கள் ஒரு வாரம் குடைந்தார்களே, ஏதாவது ஓர் ஓட்டை கண்டார்களா? ஒரு வரி, ஓர் எழுத்து, தப்பான ஆளுக்குப் போயிருக்கிறதா?

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். எப்படிச் சொல்ல முடியும், ஐயா? அந்தத் தகவலைப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை.