மாடசாமியின் மேல்செட்

மேல்செட், அதாவது மேல்வாய்ப் பொய்ப்பல் வரிசை, வாயில் நிற்பதற்குப் பசை தேவையில்லை. பலர் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். தட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவில் மெல்லிய எச்சில் படலம் இருந்தால் போதும். காற்று உள்ளே போக வழி கிடைக்காதவரை அது விழாது. எதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு, பொறுமையாகப் பார்த்தால் பிடிபடும் என்று நம்புகிறவன் நான். மாத்தளை டவுனில் இத்தனை காலம் பல் கட்டிய எனக்குப் பிடிபடாமல் இருந்தது ஒன்றுதான். காணாமல் போன ஒருவர் செத்துவிட்டார் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எப்படிக் காட்டுவது?

மாடசாமி என் தங்கை அழகம்மாவின் கணவர். இரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் லொறி ஓட்டினார், நான் கட்டிக் கொடுத்த மேல்செட் போட்டிருந்தார். எண்பத்தொன்பதாம் வருடக் கடைசியில் தேயிலை ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. லொறி மட்டும் ரோட்டோரத்தில் கதவு திறந்தபடி நின்றது. அரசாங்கத்துக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கும் சண்டை நடந்த அந்த வருடம் எத்தனையோ வீடுகளில் இப்படி நடந்தது. யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாத காலம் அது.

தோட்டத்துக்குப் புது டிரைவர் வந்துவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்படி அழகம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளோடு அவளுக்குப் போக்கிடம் இல்லை. மாடசாமியின் பேரில் ஒரு இன்சூரன்ஸ் பொலிசி இருந்தது. அந்தப் பணம் வந்தால் உக்குவளையில் ஒரு சிறு வீடு வாங்கிவிடலாம்.

பொலிசியை எடுக்கவைத்தவர் ஏஜென்ட் ஏகாம்பரம். அன்று அழகம்மா வீட்டில் கோழிக்கறி சாப்பிட்டுவிட்டு, "ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா தங்கச்சிக்கு நான் இருக்கேன்" என்று சொன்னவர். இப்போது அவரைப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. ஒபீஸுக்குப் போனால் வெளியே போயிருப்பார். வீட்டுக்குப் போனால் குளித்துக்கொண்டிருப்பார். ரோட்டில் அகப்பட்டால் மட்டும் சிரிப்பார்.

"என்ன டாக்டர், திரும்பவும் மச்சான் கேஸா?"

"அவ புள்ளைங்களோட ரோட்டுக்கு வரப்போறாங்க."

"நான் நம்புறேன். நான் நம்பி என்ன செய்ய, கம்பெனி நம்பணுமே. பொடி இல்லாம கிளெய்ம் இல்ல. இல்லாட்டி ஏழு வருஷம் பொறுக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "லொறிக்காரங்கள நம்ப ஏலுமா டாக்டர்? எங்கயாச்சும் இன்னொரு குடும்பம் வெச்சிருக்காரோ என்னமோ" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்ன விதி எனக்கு நன்றாகவே விளங்கியது. கம்பெனி என்பது ஒரு அச்சு. அதற்குள் பொருந்துகிற வடிவத்தில் ஒன்றைக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளாது. எங்களிடம் இல்லாதது ஒரே ஒரு பொருள்தான், ஒரு உடல்.

ஒருநாள் ஏகாம்பரம் தானாகவே என் பட்டறைக்கு வந்தார். அவருக்கும் மேல்செட் கட்டிக் கொடுத்தவன் நான்தான். "ஆடுது டாக்டர். கஸ்டமர்கிட்டப் பேசுறப்ப கீழ விழுது" என்றார். உட்காரவைத்து அளவு எடுத்தேன்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அளவு எடுத்து, பிளாஸ்டரில் வாயின் வடிவத்தை வார்த்து, மெழுகில் பல்லை அடுக்கி, பித்தளைப் பெட்டியில் இறுக்கி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இளஞ்சிவப்பு மாவைத் திணித்து வேகவைப்போம். ஒரே நேரத்தில் பல செட்டுகள் வெந்தால் ஆள் மாறிப்போகும். அதற்காக நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். மெல்லிய தாளில் ஆளின் பெயரை எழுதி, அண்ணத்தைத் தொடும் பக்கத்தில் வைத்து, மேலே கண்ணாடி போன்ற பூச்சைப் பூசிவிடுவேன். வெளிச்சத்தில் பிடித்தால் வாசிக்கலாம். தன் செட்டின் அந்தப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஏகாம்பரத்தின் புதுச் செட்டில் மாடசாமியின் பெயரை வைத்தேன்.

அவசரப்படுவது எனக்குப் பழக்கமில்லை. செட்டை மாட்டிவிட்ட பிறகும் கிளெய்மைப் பற்றி இன்னொரு முறை கேட்டேன். நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்து, "அச்சா நிக்குது" என்றார். பிறகு, "பொடியக் காட்டுங்க டாக்டர், மத்ததெல்லாம் நான் பாத்துக்குறேன்" என்றார். அவர் பேசியபோது அந்தப் பெயர் அவர் நாக்குக்கு மேலேதான் இருந்தது.

அடுத்த கிழமை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவர் புதுப் பொலிசி எடுக்க ஆசைப்படுகிறார் என்று சொன்னேன். ஏகாம்பரம் உடனே புறப்பட்டு வந்தார். கிளெய்முக்குத்தான் அவருக்கு நேரம் இருக்காது. ஆற்றங்கரையில் எனக்கு முன்னால் நடந்தார். பிளாஸ்டர் பிசைகிற கைகளுக்கு வலு அதிகம். அவர் நீண்ட நேரம் கஷ்டப்படவில்லை. எரிப்பதற்கு டயர்களை முன்கூட்டியே கொண்டுபோய் வைத்திருந்தேன். பீங்கான் பல் தீயைத் தாங்கும், தட்டு தாங்காது. அதனால் முகத்தை ஈரமணலில் நன்றாகக் கவிழ்த்து வைத்தேன். எதிர்பார்த்தபடியே வாய்க்குள் தீ போகவில்லை.

ரோட்டிலும் ஆற்றிலும் எரிந்த உடல்கள் கிடந்த நாட்கள் அவை. யார் எரித்தது என்று எவரும் கேட்கவில்லை. மரண விசாரணைக்கு வந்த பெரியவர் செட்டைக் கழற்றிக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். என் வேலைதான் என்றேன். அதில் பொய் ஏதும் இல்லை.

கம்பெனி ஒழுங்காகப் பணம் கொடுத்தது. உடலை இரத்தோட்டையில் புதைத்தோம். அழகம்மா பொட்டை அழித்துவிட்டு, "இனி ராவுல நாய் குரைச்சா எந்திரிச்சுப் பாக்கத் தேவையில்ல அண்ணே" என்றாள். உக்குவளையில் வீடு வாங்கினாள். பிள்ளைகள் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் போனார்கள். ஏகாம்பரத்தையும் யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்று டவுனில் பேசிக்கொண்டார்கள்.

இதற்குப் பிறகு மாடசாமி வந்தார்.

எங்கோ ஒரு ராணுவ முகாமில் அடைத்து வைத்திருந்து, பிறகு வெளியே விட்டிருக்கிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் பட்டறைக்கு வந்தார். பாதி ஆளாக இருந்தார். மேல்வாயில் பல் இல்லை. செட்டை அடித்து உடைத்துவிட்டார்களாம்.

"அழகம்மா நல்லா இருக்காளா மச்சான்?"

"நல்லா இருக்கா."

"மொதல்ல பல்லக் கட்டிக் குடுங்க. இந்த வாயோட போனா புள்ளைங்க பயந்துரும்."

அவர் வீட்டுக்குப் போனால் கம்பெனி அந்த வீட்டை எடுத்துக்கொள்ளும். அழகம்மா மறுபடி ரோட்டில் நிற்பாள். செட் பொருந்தாவிட்டால் எந்த இடம் உரசுகிறதோ அந்த இடத்தைத் தேய்ப்போம். முழுச் செட்டையும் எறிந்துவிட மாட்டோம். அவரைப் பட்டறையின் பின்னறையில் தங்கவைத்து, நல்ல பல்லாகக் கட்டிக் கொடுத்தேன். கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். பிறகு சாப்பாடு கொடுத்தேன். அதில் கலந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

அத்தோடு முடிந்திருக்கும். போன மாதம் ஏகாம்பரத்தின் மனைவி புஷ்பவதி பட்டறைக்கு வந்தார். ஏகாம்பரம் தன் பேரிலும் ஒரு பொலிசி வைத்திருந்தார். அதே கம்பெனி. புது ஏஜென்ட் புஷ்பவதியை அலையவைக்கிறானாம். "பொடி இல்லாம கிளெய்ம் இல்லன்னு சொல்றான் அண்ணே. வேற ஒருத்தியோட ஓடிட்டாரோன்னும் கேக்குறான்" என்று அழுதார். அந்தப் பேச்சு எனக்குத் தாங்கவில்லை. ஒரு குடும்பத்தை இப்படி அலைக்கழிக்க மனிதனுக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ.

அதனால்தான் ஐயா, நானாகவே பொலிஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள் செய்ய வேண்டிய வேலை அதிகம் இல்லை. இரத்தோட்டையில் மாடசாமியின் குழியைத் தோண்டுங்கள். உள்ளே இருப்பது ஏகாம்பரம். அவரைப் புஷ்பவதியிடம் கொடுத்துவிடுங்கள். என் பட்டறைக்குப் பின்னால், உடைந்த அச்சுகளைக் கொட்டும் இடத்தில் மாடசாமி இருக்கிறார். அவரை எடுத்து அந்தக் குழியில் வையுங்கள். தேதியை மட்டும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும். மற்றபடி இரண்டு பொலிசிக்கும் இரண்டு உடல் இருக்கிறது. கம்பெனி இனி எந்தப் பெண்ணையும் திருப்பி அனுப்ப முடியாது.