நூறு கஜத்துக்குச் சரிபார்த்த ரைபிள்

துப்பாக்கி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் தேடுவது கண்ணாடியைத்தான். துப்பாக்கியைத் தோளில் வைத்தால் தாங்கள் எப்படி இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும் அவர்களுக்கு. இதற்காகவே எங்கள் தாம்பரம் கடையில் முதலாளி ஒரு நிலைக்கண்ணாடி மாட்டியிருக்கிறார். பத்தொன்பது வருடமாக நான் அங்கே பழுது பார்க்கிறேன். ரத்தினத்தின் உடம்பில் இருந்து எடுத்த தோட்டாவைப் பார்த்து எந்த ரைபிள் என்று சொல்லத்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள். சொல்லிவிட்டேன். மீதியையும் சொல்லிவிடுகிறேன் சார்.

ஜெயவேலு கண்ணாடி பார்க்கிற ஆள் இல்லை. வண்டலூர் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். எண்பத்தாறு தை மாதம் என்னையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனார். மான் சுடுவது குற்றம் என்று இருவருக்கும் தெரியும். அவருடைய பழைய தோட்டாத் துப்பாக்கியால் ஒரு புள்ளிமானை அடித்தோம். கால் உடைந்து ஓடிவிட்டது. இரண்டு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தபோது அதற்கு இன்னும் உயிர் இருந்தது. பக்கத்தில் ரத்தினம் நின்றிருந்தான். புல் அறுத்து விற்கிறவன். என் தெருக்காரன்.

அவன் ரேஞ்சரிடம் போய்ச் சொல்லிவிட்டான். துப்பாக்கியை வனத்துறை எடுத்துக்கொண்டது. ஜெயவேலு மேல் வழக்கு. என் பெயர் அதில் எங்குமே இல்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஜெயவேலு கடைக்கு வந்தார். "இன்னொரு தபா மானு அடிக்கணும் சிட்டிபாபு. இந்த தபா ஓடக் கூடாது. எத எடுக்கலாம்?" வழக்கு நடக்கும்போது மான் வேட்டையா என்று நான் கேட்கவில்லை.

முதலில் வில்லைப் பற்றி யோசித்தார். பர்மா பஜாரில் யாரோ கப்பல்காரனிடம் வாங்கிய வெளிநாட்டு வில். சத்தமே வராது. ஆனால் அவரால் பாதிக்கு மேல் இழுக்க முடியவில்லை. அம்பு பட்டால் மிருகம் உடனே விழாது, கொஞ்ச தூரம் போகும் என்றேன்.

"கத்துமா?"

"கத்தும்."

"அப்போ வேணாம்."

அவர் வீட்டுப் பரணில் அவருடைய அப்பாவின் ரைபிள் இருந்தது. நல்ல குழல். அதற்குத் தூரத்தில் இருப்பதை நாலு மடங்கு கிட்டே காட்டுகிற ஒரு ஸ்கோப்பைப் பொருத்தினேன். கைவிட்ட கல்குவாரி ஒன்றில் வைத்து, குண்டு குறி தவறாதபடி நூறு கஜத்துக்குச் சரிபார்த்தேன். பக்கத்துக் குவாரியில் மத்தியானம் விசில் ஊதி வெடி வைப்பார்கள். அந்த நேரத்தில் சுட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இதையும் நான்தான் சொன்னேன். எந்த வாடிக்கையாளருக்கும் சொல்கிற யோசனைதான்.

திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "உக்காந்துகினு கீற மானா இருந்தா எங்க அடிக்கறது?"

மான் மத்தியானம் நிழலில் படுக்கும். ஆகவே கேள்வியில் தவறில்லை. ஆனால் மானை யாரும் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வதில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வாரமே ரத்தினம் கடை வாசலுக்கு வந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன்.

"மானு கேசுல சாட்சி சொல்ல சம்மன் வந்துகீதுண்ணா. செங்கல்பட்டு கோர்ட்டு. உன் பேர நான் எங்கியும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீ புள்ளகுட்டிக்காரன்."

வேறு யாராக இருந்தாலும் நிம்மதி அடைந்திருப்பார்கள். எனக்கு நிம்மதி வரவில்லை. என் பெயர் அவன் வாயில் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வக்கீல் இரண்டு தடவை அதட்டினால் வெளியே வந்துவிடும்.

"ஜெயவேலு ஆளுங்க என்ன தேடிகினு கீறாங்களாம். பேஜாரா கீதுண்ணா. புல்லு அறுக்க எங்கதான் போறது?"

"கெழக்கால பெரிய பாறை கீது பாரு, அங்க போ. மத்தியானத்துல ஒருத்தனும் வரமாட்டான்."

நாங்கள் சுட்டுப் பார்த்த குவாரியின் விளிம்பிலிருந்து அந்தப் பாறை சரியாக நூறு கஜம். ஜெயவேலுவிடமும் இடத்தைச் சொன்னேன். கிட்டே இருந்தால் காயம்பட்டு ஓட வேண்டியிருக்காது. அந்த மான் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை நானும் அவரும் விளிம்பில் படுத்திருந்தோம். ரத்தினம் வந்தான். இரண்டு கட்டு அறுத்தான். பாறை நிழலில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தான். ஜெயவேலு ஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். பிறகு ரைபிளைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகமெல்லாம் ஈரம்.

"சாப்டுகினு கீறான்யா. வேணாம் சிட்டிபாபு. ஜெயிலுக்குப் போனா போறேன். வா, வூட்டுக்குப் போலாம்."

அவர் ஜெயிலுக்குப் போவார். மான் அடிக்கும்போது உன்னோடு வந்தது யார் என்று அங்கே கேட்பார்கள். இப்போது இரண்டு வாய் ஆகிவிட்டது.

அவர் எழுந்து நின்றதை ரத்தினம் பார்த்துவிட்டான். தூக்குச்சட்டி கவிழ்ந்தது. ஓடத்தான் திரும்பினான். பிறகு பக்கத்தில் என்னையும் பார்த்தான். நின்றுவிட்டான். நான் இருந்ததால் நின்றான் சார். கையைத் தூக்கி, "அண்ணா!" என்று கூப்பிட்டான். பக்கத்துக் குவாரியில் வெடிக்கு விசில் ஊதினார்கள்.

ரைபிளை நான் எடுத்தேன். ஒரே குண்டு. அவன் எங்கும் ஓடவில்லை, கத்தவில்லை.

இரண்டு நாளாக லாக்கப்பில் இருக்கிற ஜெயவேலு, தான் சுடவில்லை என்கிறார். யார் சுட்டது என்றால் பேசுவதில்லை என்று நீங்களே சொன்னீர்கள். எப்போது பேசுவாரோ என்று காத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அவரை விட்டுவிடுங்கள். ரத்தினத்தைச் சுட்டது நான்தான்.

அவன் நல்லவன்தான். எனக்கு ஒரு கெடுதலும் நினைத்தவன் இல்லை. ஆனால் "அண்ணா" என்றதும் அடுத்தபடி என் பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தான் சார். ஸ்கோப்பில் அது நன்றாகத் தெரிந்தது.