இங்கே சரியாக வேலை செய்கிறது

இல்ல சார், மூட மாட்டேன். நீங்க மேனேஜர், வந்து ரெண்டு வாரம் ஆச்சு, எல்லாம் சரி. இந்தப் புகாரை மட்டும் நான் மூடறதா இல்ல. மேல சொல்லணுமா, தாராளமா சொல்லுங்க. உக்காருங்களேன். வேணாமா? சரி, நில்லுங்க.

ஒரே ஆளுதான். யாரு இல்லன்னா? ஒரே ஆளு ஏழு தடவை எழுதியிருக்கு, பட்டனை அழுத்தறேன், ஒண்ணும் ஆகலன்னு. வேலை வெட்டி இல்லாதவங்கன்னு சொல்றீங்க. ஆஸ்பத்திரியில தேதி வாங்கற பக்கம் சார் இது. வேலை வெட்டி இல்லாதவன் ஸ்கேனுக்குத் தேதி கேட்டுத்தான் பொழுதைப் போக்குவானா?

பழைய பிரவுசர்தான், தெரியும். நூத்துல ஒருத்தர்கூட அதை வச்சுக்கறதில்லன்னு என்கிட்டயே காட்டாதீங்க, அந்தக் கணக்கை எடுத்துக் குடுத்ததே நான். அந்தச் சனியனோட பத்து வருஷம் மல்லுக்கட்டியிருக்கேன். ஓரத்துல பத்து புள்ளி இடம் விடுன்னா இருபது விடும். இந்த ஆபீஸ்ல சொன்னதுக்கு ரெட்டிப்பா செஞ்சது அது ஒண்ணுதான். சிரிக்காதீங்க. உங்களைச் சிரிக்க வைக்கவா நான் பேசிட்டிருக்கேன்?

என்னது, நீங்களே அதுல போட்டுப் பாத்தீங்களா? ஓடுச்சா? ஓடும். கீழ ஒரு ஜன்னல் திறந்து வச்சிருந்தீங்களா, தப்பு எங்கன்னு பாக்க நாம திறப்போமே, அது? திறந்துதான் இருந்துச்சா? அப்பறம் என்ன.

கொஞ்சம் கேளுங்க. புரோகிராம் எழுதறப்ப, இது வரைக்கும் ஓடி வந்துச்சான்னு பாக்க நடுவுல ஒரு வரி போடுவோம். வந்துட்டேன்னு அந்த ஜன்னல்ல எழுதும். வேற வேலையே கிடையாது அதுக்கு. பழைய பிரவுசருக்கு அந்த ஜன்னல் திறந்திருந்தாத்தான் அந்த வரி புரியும். மூடியிருந்தா அந்த இடத்துலயே நின்னு போயிடும். பட்டன் இருக்கும், அழுத்தலாம், ஒண்ணும் நடக்காது. நாம ஜன்னலைத் திறந்துக்கிட்டே பாக்கறோமா, நமக்கு எப்பவும் ஓடும். வீட்டுல உக்காந்திருக்கறவங்களுக்கு அப்படி ஒரு ஜன்னல் இருக்கறதே தெரியாது.

அதுக்குத்தான் மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு தடுப்பு எழுதி வச்சேன். ஜன்னல் மூடியிருந்தா அந்த வரியைத் தாண்டிப் போன்னு, மேலயே, நாலே வரி. தொடாதீங்கன்னு பக்கத்துலயே எழுதியும் வச்சிருந்தேன். போன வாரம் குப்பைன்னு அழிச்சது யாரு? நீங்கதானே. அன்னிக்கு மத்தியானமே முதல் புகார் வந்திருக்கு. தேதியைப் பாருங்க. இல்ல, நல்லா குனிஞ்சு பாருங்க.

இப்ப என்னை என்ன எழுதச் சொல்றீங்க? இங்கே சரியாக வேலை செய்கிறது, தங்கள் கணினியைச் சரிபார்க்கவும். எழுதி மூடிடுன்னு. அந்த வரி எனக்கு மனப்பாடம் சார். நீங்க சொல்லித்தரவே வேணாம்.

ஏன்னா அந்தத் தடுப்பைப் போடறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் ஒரு ஆளு எழுதுச்சு. பதினோரு தடவை. புகார்ல பேர் வராது, நம்பர்தான் வரும். நானும் உங்களை மாதிரியே போட்டுப் பாத்தேன், ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு. ஓடுச்சு. அந்த வரியை எழுதி மூடிட்டேன். மறுபடி வந்துச்சு, மறுபடி மூடினேன். கடைசித் தடவை கொஞ்சம் திமிராவே எழுதினேன், கணினி தெரிந்தவர் யாரையாவது அருகில் வைத்துக்கொள்ளவும்னு.

அந்த ஆளு வச்சிருந்தது நான் குடுத்த மிஷின் சார். எனக்குப் புதுசு வாங்கினப்ப பழசை எங்க அக்கா வீட்டுல கொண்டு போய் வச்சேன். அந்தப் பிரவுசரைப் போட்டுக் குடுத்ததும் நான்தான். அவளுக்கு இந்தப் பக்கம் நான் செஞ்சதுன்னு தெரியாது. கம்ப்யூட்டர் கம்பெனின்னு மட்டும் தெரியும். எனக்கு ரெண்டு தடவை போன்கூடப் பண்ணியிருக்கா, நான் மீட்டிங்ல இருந்தேன். வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஸ்கேன் எடுக்கணும். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணா கம்ப்யூட்டர்ல போடுங்கன்னு சொல்லிட்டாங்க. மூணு வாரம் அந்தப் பட்டனையே அழுத்திட்டு இருந்திருக்கா. நாலாவது வாரம் அதுக்குத் தேவை இல்லாம போச்சு.

காரியம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் பதிலை எல்லாம் எடுத்துக் காட்டினா. எவனோ இப்படி எழுதியிருக்கான் பாருடா, இவன் நல்லா இருப்பானான்னு கேட்டா. இருக்க மாட்டான்க்கான்னு சொன்னேன்.

இன்னும் அவகிட்ட சொல்லல. சரி, கொஞ்சம் நகருங்க சார், திரையை மறைக்கிறீங்க. அந்த நாலு வரியைத் திருப்பிப் போடணும்.