மாறிப்போன ரெண்டு பின்

— இழுக்காதேடா! போனை ஸ்பீக்கர்ல போட்டு வெச்சுக்கிட்டு, நான் சொல்ற வரைக்கும் அந்த ஒயர்ல கையை வைக்காதே.

— வைக்கலக்கா, சத்தியமா. சும்மா தொட்டுப் பார்த்தேன்.

— நீ தொட்டுப் பார்த்த லட்சணம்தான் தெரியுதே. நேத்து வரைக்கும் ஓடின வண்டி இன்னிக்கு ஸ்டார்ட் ஆகல. எந்த ரெண்டு ஒயரோட பின்னை மாத்திச் செருகினே?

— ரெண்டுமே பழுப்பு ஒயர்தான்க்கா. ஒண்ணுல மெல்லிசா மஞ்சக் கோடு இருந்திருக்கு, கவனிக்கல.

— கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கடான்னு எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்?

— அப்புறமா திட்டுக்கா. வண்டிக்காரரு வாசல்ல நின்னு வாட்சையே பார்த்துக்கிட்டு இருக்காரு.

— எனக்கும்தான் இங்க பஸ் டிப்போவுல சாப்பாட்டு நேரம் முடிஞ்சு வேலைக்குத் திரும்பணும். பேட்டரி ஒயரைக் கழட்டிட்டியா?

— ஆச்சு.

— ஒயரெல்லாம் செருகியிருக்கிற கனெக்டரைத் திருப்பி முன்பக்கத்தைப் பாரு. வெள்ளையா ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். அது ரெண்டாவது பூட்டு. சின்ன ஸ்குரூ டிரைவரால லேசா நெம்பு. பிடுங்கி எடுத்துடாதே, டக்குன்னு ஒரு சத்தம் வந்தாப் போதும்.

— ம்... வந்துச்சு.

— இப்ப ஒயரை உள்பக்கமாத் தள்ளு.

— கழட்டணும்னா இழுக்கத்தானே வேணும்?

— தள்ளினாத்தான்டா பின் பூட்டு மேல முட்டிக்கிட்டு நிக்காம தளரும். பதினோரு வருஷமா அப்பாவோட ஒயரிங் கடையில நிக்கிறே, இது தெரியாதா உனக்கு?

— நான் எங்கே பண்ணினேன்க்கா, நீதானே...

— சொல்லு, ஏன் நிறுத்திட்டே? உள்ரூம்ல குனிஞ்ச தலை நிமிராம நான் பண்ணினேன். நீ வாசலுக்கு எடுத்துட்டுப் போய்க் குடுத்தே. அப்பா வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் என் பையன் கை தங்கக் கைன்னாரு. கடைசியில கடையையும் அந்தக் கைக்கே எழுதி வெச்சாரு.

— நான் கேட்டு வாங்கலக்கா.

— வேணாம்னும் சொல்லலையே. சரி, பின் கழட்டுற ஊசி எங்க?

— இருக்குக்கா. நீ விட்டுட்டுப் போன டப்பாவுல.

— விட்டுட்டுப் போகல. கடை உன் பேருக்கு ஆனதும் அதை எடுக்கக்கூட உள்ள விடாம வாசலோட அனுப்பினீங்க. ஊசியை முன்பக்கத்துல, பின்னுக்கு மேல இருக்கிற சின்ன ஓட்டையில விடு. அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஒயரை மெதுவா இழு. வரலைன்னா மல்லுக்கட்டாதே, மறுபடியும் தள்ளிட்டு ஆரம்பி.

— இரு... வந்துடுச்சுக்கா! ரெண்டும் வந்துடுச்சு, ஒரு கீறல் இல்ல. இடம் மாத்தி அப்படியே செருகிடவா?

— தாராளமாச் செருகு. வண்டியும் ஸ்டார்ட் ஆகும். நாலு பள்ளத்துல ஏறி இறங்கினதும் அந்த பின் நழுவிட்டு வரும், நடுரோட்ல இன்ஜின் நின்னுடும்.

— ஐயையோ! அப்ப என்ன பண்ணணும்?

— இன்னும் ஒரு வேலை பாக்கியிருக்கு. சொல்றேன். அதுக்கு முன்னாடி நீ அப்பாகிட்ட உண்மையைச் சொல்லணும்.

— என்ன உண்மை?

— இத்தனை வருஷமா வேலை பார்த்தது யாருன்னு. எனக்குக் கடையும் வேணாம், போர்டுல பேரும் வேணாம். அந்த மனுஷன் தெரியாமதான் உனக்கு எழுதிட்டாருன்னு சொல்லிச் சொல்லியே என் மனசைத் தேத்திக்கிட்டு இருக்கேன். தெரிஞ்சா என்கிட்ட ஒரு வார்த்தை ஆசையாப் பேசுவாரு. அது போதும்.

— வயசான காலத்துல உடைஞ்சு போயிடுவாருக்கா, பாவம்.

— நான் உடைஞ்சது உங்க யாரு கண்ணுக்கும் தெரியல. சொல்றியா, போனை வைக்கட்டுமா?

— வைக்காதேக்கா! அப்பா... கொஞ்சம் இப்படி வாங்க. அப்பா, இந்தக் கடையில ஒயரிங் வேலை எதையும் நான் பார்த்ததே இல்ல. எல்லாம் அக்காதான். நான் எடுத்துக் குடுத்தேன், அவ்வளவுதான்.

— என்னடா பண்றாரு? அழறாரா?

— இல்லக்கா. போனைக் குடுன்னு கையை நீட்டுறாரு.

— அப்பா...

— ஏம்மா அவனைப் போட்டு இந்தப் பாடு படுத்துறே? எனக்குத் தெரியாதா?

— தெரியுமா? எப்பலேருந்துப்பா?

— மொத நாள்லேருந்தே தெரியும். நீ எங்க போனாலும் பொழைச்சுக்குவே. கடையும் இல்லைன்னா அவன் என்னம்மா பண்ணுவான்? கூப்பிட்டா நீ சொல்லித் தராமலா இருந்துடப்போறே? அந்த நம்பிக்கையிலதான் அவன் பேர்ல எழுதினேன். சரி, அந்த பாக்கி வேலை என்னன்னு சீக்கிரம் சொல்லு, வண்டிக்காரரு நிக்கிறாரு.