கட்டுரையில் இரண்டாவது பெயர்

மற்றவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த வேலை. கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்த நேரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பேன். என் மனைவி ஹேமலதா இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அதனால் கல்லூரி விசாரணைக் குழு, நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது எனக்கு வருத்தம் வரவில்லை. எழுதுவதும் திருத்துவதும்தான் என் தொழில்.

என் பெயர் பரணிதரன். வேதியியல் துறையில் இருபத்தாறு வருஷமாகப் பேராசிரியர். குழுவில் இருப்பவர்கள் வேறு துறைக்காரர்கள் என்பதால் ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். ஒருவர் ஆய்வுக்கட்டுரை எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினால், இதழாசிரியர் அதை அந்தத் துறை தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்புவார். அவர்களுக்கு மதிப்பீட்டாளர்கள் என்று பெயர். எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியும். மதிப்பீட்டாளர் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. இது சம்பளமில்லாத வேலை. நான் இதுவரை நூற்று நாற்பது கட்டுரைகளை மதிப்பிட்டிருக்கிறேன், ஒன்றைக்கூடத் தாமதமாக அனுப்பியதில்லை.

மெர்சி என்னிடம் ஐந்து வருஷம் முனைவர் பட்டத்துக்குப் படித்த பெண். ஆம்பூர்க்காரி. அப்பா தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்தவர், அண்ணன் ஜீவாவும் அதே வேலை. அவள் முதன்முதலில் எழுதிக்கொண்டுவந்த கட்டுரையில் ஒரு வாக்கியம் நேராக இருக்காது. நான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஐந்து வருஷத்தில் அவள் ஏழு கட்டுரை எழுதினாள், ஏழிலும் கடைசிப் பெயர் என்னுடையது. நெறியாளர் பெயர் கடைசியில் வருவது எங்கள் துறை வழக்கம். அதில் மூன்றை நான் முழுதாகப் படிக்கவில்லை. அதை அப்போது யாரும் குற்றமாகச் சொல்லவில்லை.

பட்டம் வாங்கியதும் எங்கள் துறையிலேயே உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தாள். எனக்கு எதிர் அறை. அந்த அறையில்தான் அவள் அந்தப் பட்டையைச் செய்தாள்.

ஆலைகளில் தோல் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் குழிகள் உண்டு. அடியில் சகதி படியும், அடைத்துக்கொள்ளும். ஆள் இறங்கி அதை எடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் பாட்டுக்கு இருக்கிறது, ஆளும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறான். அந்தச் சகதிக்குள் ஒரு வாயு இருக்கும். கொஞ்சமாக வந்தால் அழுகிய முட்டை நாற்றம். நிறைய வந்தால் நாற்றமே தெரியாது, ஆள் விழுந்துவிடுவான். மெர்சி என்ன செய்தாள் என்றால், வீணாகப் போகும் தோல் துணுக்கை எடுத்து, அதில் ஓர் உப்பை ஏற்றி, விரல் அகலத்துக்குப் பட்டையாக வெட்டினாள். நூலில் கட்டிக் குழிக்குள் இறக்கி இருபது எண்ண வேண்டும். கறுத்தால் இறங்காதே. அவ்வளவுதான் விஷயம்.

நான் சிரித்தேன். பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைக்க வேண்டிய சாமான் இது என்று அவளிடமே சொன்னேன். அவளும் சிரித்தாள். அடுத்த மாதம் நயீம் அகமது அவளுக்குத் தன் ஆலையில் பன்னிரண்டு குழிகளைத் திறந்துவிட்டார். வாணியம்பாடிப் பக்கம் பெரிய ஆலை அவருடையது. என்னுடைய ஆராய்ச்சிக்கு மாதிரி எடுக்க அனுமதி கேட்டுப் போனபோது ஒன்பது தடவை வாசலில் உட்காரவைத்த மனிதர். அவளை உள்ளே உட்காரவைத்துச் சாயா கொடுத்தாராம்.

ஒருநாள் பள்ளிகொண்டாவில் பேருந்துக்காக நின்றபோது டீக்கடையில் ஒரு தொழிலாளி என் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து அந்தப் பட்டையை எடுத்துக் காட்டினான்.

"மெர்சி மேடம் காலேஜா சார் நீங்க? அவங்களுக்குக் கீழ இன்னா வேல பாக்குறீங்க?"

நான் டீயை முழுவதும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் உண்மையை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள், எழுதுகிறேன். எனக்கு வயிறு எரிந்தது. இருபத்தாறு வருஷத்தில் தொண்ணூறு கட்டுரை எழுதியவன் நான். அதில் ஒன்றைக்கூட யாரும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியவில்லை.

போன வருஷம் ஜனவரியில் அவள் என் அறைக்கு வந்தாள்.

"சார், பட்டைய பத்தின பேப்பர அனுப்பிட்டேன். நன்றியுரையில உங்க பேரு போட்டிருக்கேன்."

"ஆசிரியர் பேரு?"

"என் பேரு மட்டும்தான் சார். இந்த வேலைய நான் தனியாத்தானே செஞ்சேன்."

திமிராகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். நன்றியுரையில் பதினோரு பேர். முதல் பெயர் அண்ணன் ஜீவா, என் பெயர் ஏழாவது. ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏணிக்கு ஏழாவது இடத்தில் நன்றி சொன்னவளை அன்றுதான் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து அதே கட்டுரை மதிப்பீட்டுக்காக என் மின்னஞ்சலுக்கு வந்தது. இதழாசிரியர் வெளிநாட்டுக்காரர். தோல் கழிவு பற்றி எழுதியிருப்பவர் என்று என் பெயரைக் கண்டுபிடித்திருக்கிறார். இவரோடு உங்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று குறித்தேன். அது பொய் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. தொடர்பை அறுத்தவள் அவள்.

கட்டுரையை மூன்று முறை படித்தேன். பிழை இல்லை. ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதல் சுற்றில் பத்தொன்பது கேள்வி எழுதி அனுப்பினேன். ஆறு வாரத்தில் பத்தொன்பதுக்கும் பதில் வந்தது. எல்லாம் சரியான பதில்.

அதற்குப் பிறகு நான் எழுதிய ஒரே ஒரு கேள்விக்காகத்தான் நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். குழியில் இறங்குபவர்களுக்கு இங்கே ஒரு பழக்கம் உண்டு. நீளமான கழியால் சகதியை மூன்று முறை கிண்டிவிடுவார்கள். ஒரு பீடி பிடிக்கிற நேரம் காத்திருப்பார்கள். வாயு போய்விட்டது என்று நம்பி இறங்குவார்கள். நான் எழுதியது இதுதான்: மேலேயிருந்து இறக்கிய பட்டையின் அளவு போதாது, மூன்றாவது முறை கிண்டிய பிறகு, குழியின் அடியில் நின்று வேலை செய்யும் ஓர் ஆளின் மார்பில் பட்டையைக் குத்தி அளக்க வேண்டும், அது இல்லாமல் இந்தக் கட்டுரையை ஏற்க முடியாது.

மறுவாரமே மெர்சி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள். வேறு யாரிடம் போவாள்.

"ரெண்டாவது ரிவ்யூவர் ரொம்ப பேஜார் பண்றாரு சார். ஆள எறக்கி அளக்கணுமாம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் எழுதியதையே புதிதாகப் படிப்பதுபோல நிதானமாகப் படித்தேன்.

"கேள்வி நியாயமாத்தான் இருக்கு, மெர்சி."

"கம்புல கட்டி எறக்கினா ஒத்துக்க மாட்டாரா? ஆள வச்சி செய்றதுன்னா காலேஜ் கமிட்டில பர்மிஷன் வேற வாங்கணும்."

"மருந்து குடுத்தா வாங்கணும். சட்டையில ஒரு பட்டை குத்துறதுக்கு எதுக்கும்மா? எப்படியும் எறங்குறவங்கதானே அவங்க."

அவள் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அப்புறம் கேட்டாள்: "எங்க அண்ணன் எறங்குறேன்னு சொல்லுது சார். மூணு வாட்டி கிண்டிட்டு எறங்கினா ஒண்ணும் ஆவாதில்ல?"

"வழக்கமா அப்படித்தானே எறங்குறாங்க" என்றேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் குழு கவனிக்க வேண்டும்.

ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. நான் தேர்வு அறையில் மேற்பார்வையில் இருந்தேன். மெர்சி எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறாள். அண்ணன் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு ஆள். மூன்று முறை கிண்டி, காத்திருந்து, நூலில் பட்டையை இறக்கிப் பார்த்திருக்கிறாள். கறுக்கவில்லை. ஜீவா இறங்கினார். கால் சகதியில் புதைந்ததும் உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். தூக்கி எடுக்க நான்கு நிமிடம் ஆனது. முப்பத்துநான்கு வயது, மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறார்கள். அவர் மார்பில் குத்தியிருந்த பட்டை முழுக்கக் கறுத்திருந்தது. அதாவது, கேட்ட அளவு கிடைத்துவிட்டது.

ஆம்பூர் கல்லறைத் தோட்டத்துக்கு நானும் போனேன். மெர்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆரம்பத்துலேருந்து நீங்க ஒருத்தர்தான் சார் எனக்கு" என்றாள். கட்டுரையை நானே முடித்துத் தருகிறேன், நம் இரண்டு பேர் பெயரிலும் போகட்டும் என்று அவளிடம் மெதுவாகச் சொன்னேன். "வேணாம் சார். அண்ணன் பேரு போட்டு நானே அனுப்புறேன்" என்றாள். செப்டம்பரில் அனுப்பினாள். முதல் பெயர் மெர்சி, இரண்டாவது பெயர் ஜீவா, பக்கத்தில் இறந்தவர் என்பதற்கு ஒரு சின்னச் சிலுவைக் குறி. மேலேயிருந்து பட்டையை இறக்கிப் பார்த்தால் மட்டும் போதாது என்ற புது முடிவும் அதில் சேர்ந்திருந்தது. அந்த ஒரு முடிவால் கட்டுரையின் தரமே உயர்ந்துவிட்டது. வந்த அன்றே, மாற்றம் ஏதுமின்றி ஏற்கலாம் என்று எழுதி அனுப்பினேன். என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், தாமதம் செய்தேன் என்று மட்டும் சொல்ல முடியாது.

நான் அகப்பட்டதற்குக் காரணம் என் கேள்வியிலிருந்த அந்த 'மூன்றாவது முறை'. மெர்சியின் கட்டுரையில் கிண்டுவது பற்றிப் பேச்சே இல்லை. எங்கேயோ ஐரோப்பாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு மூன்று முறை கிண்டுவார்கள் என்று எப்படித் தெரியும் என்று அவளுக்கு ஒருநாள் உறைத்திருக்கிறது. இதழாசிரியருக்கு எழுதினாள். அவர் படிவத்தைத் தேடிப் பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு எழுதினார். கச்சிதமாக எழுத வேண்டும் என்ற பழக்கம் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

குழுவின் தலைவர் சோபனா அம்மையார், அந்த ஆபத்து உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியும். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் நானே கருவி வைத்து அளந்திருக்கிறேன். மூன்றாவது முறை கிண்டியதும் வாயு குறையும். ஆளின் கால் அடிச்சகதியில் அழுந்தியதும் முன்னைவிட அதிகமாகக் கிளம்பும். அந்தக் குறிப்பேடு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இன்னும் ஒரு பருவத்து அளவு சேரட்டும் என்று வெளியிடாமல் வைத்திருந்தேன். அப்படியானால் மெர்சி கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றார். சொல்லியிருந்தால் அதையும் கட்டுரையில் எழுதி, எனக்கு இன்னொரு நன்றி போட்டிருப்பாள்.

ஜீவா சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மயக்கம் வரும், வாந்தி எடுப்பார், பட்டை தோற்றது என்று பேர் வரும், ஆலைக்காரர்கள் அவளை வாசலில் உட்காரவைப்பார்கள் என்றுதான் நினைத்தேன். சாவும் வரலாம் என்று தெரியாதா என்றால், நீங்கள் ஒரு வேதியியல் பேராசிரியரைக் கேட்கிறீர்கள். தெரியும். தெரிந்துதான் எழுதினேன். தெரிந்துதான் அந்தப் பதிலையும் சொன்னேன். இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

குழு எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன். காவல் துறைக்கு அனுப்பினாலும் சரி. ஒரே ஒரு வேண்டுகோளை மட்டும் இதழாசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கட்டுரையை இன்று உலகம் படிக்கிறது என்றால், குழியின் அடியில் எடுத்த அந்த ஓர் அளவுக்காகத்தான். அந்தச் சோதனையை வடிவமைத்தது நான். ஒரு கட்டுரையின் ஆசிரியர் என்றால் சோதனையை வடிவமைத்திருக்க வேண்டும், கட்டுரையின் இறுதி வடிவத்தைப் படித்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஜீவா எட்டாம் வகுப்பு. படிக்கவும் இல்லை, ஒப்புதல் தரவும் இல்லை. விதிப்படி பார்த்தால் அந்த இரண்டாவது இடம் என்னுடையது. நான் முதல் இடம் கேட்கவில்லை. இறந்தவருக்கு அந்த வரியால் ஆகப்போவது ஒன்றுமில்லை, எனக்கோ ஓய்வு பெற இன்னும் பதினெட்டு மாதம் இருக்கிறது.